வாவியை வெட்டியவர் யார்?



பாமன்கடையிலிருந்து நுவரெலியாவுக்குச் சென்று, அங்குள்ள வாவியைக் கண்டு, அன்றிரவே வீடு திரும்புதல் இக்காலத்தில் அரிய செயலன்று. அதிகாலை மூன்றரை மணிக்குப் பஸ் வண்டி புறப்படும். ஹைலெவல் வீதியால் அவிசாவளையை அடைந்து, கித்துல்கலையிற் களனி கங்கையைக் கண்டு, கினிகத்தேனையில் மலையேறத் தொடங்கினால், அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். முற்பகலில் நுவரெலியாவை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேலே, பிதுருதலாகலை மலையின் அடிவாரத்தில், குளிர்ந்த காற்றினிடையே ஒரு நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கின்றது. அதுவே கிரெகரி வாவி.

எங்கள் பாடசாலை மாணாக்கரை யான் பலமுறை அங்கு அழைத்துச் சென்றிருக்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு சென்றபொழுது, சுற்றுலா வழிகாட்டி ஒருவரையும் ஒழுங்கு செய்திருந்தோம். மும்மொழியும் வல்ல நல்ல இளைஞர் அவர். வாவிக்கரையிற் பிள்ளைகளை நிறுத்தி, அதன் உயரம் இவ்வளவு, அது தோன்றிய ஆண்டு 1873, அதனை அமைத்தவர் தேசாதிபதி சர் வில்லியம் கிரெகரி, பின்னர் 1880களில் வெள்ளைக்காரர் தூண்டிலிட்டு விளையாடுவதற்கென்று இம்மலை நீர்களில் திரௌட் மீன் விடப்பட்டது என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடித்தார். பிள்ளைகள் தங்கள் கொப்பிகளிற் குறித்துக்கொண்டார்கள்.

அப்பொழுது பத்தாம் வகுப்பிற் படித்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள். அவள் மலைநாட்டிற் பிறந்தவள். தகப்பனார் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை செய்தமையால் எங்கள் பாடசாலையிற் சேர்ந்தவள். “அண்ணா, இத வெட்டுனது யாரு?” என்று கேட்டாள்.

“இப்பதானே சொன்னேன், தங்கச்சி! கிரெகரி தேசாதிபதிதான்.”

“அவரே வெட்டுனாரா?”

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்தார். யானும் சிரித்தேன் என்பதை மறைத்தற்கில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கணம் பிள்ளைகள் அன்னத்தின் வடிவமைந்த படகுகளை நோக்கி ஓடிவிட்டார்கள்.

இரவு வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. வகுப்பறையில் நின்று, “காலவாவியைத் தாதுசேனன் கட்டினான், பராக்கிரம சமுத்திரத்தைப் பராக்கிரமபாகு கட்டினான்” என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் யான். மன்னன் கட்டினான் என்றால் மன்னன் கட்டுவித்தான் என்பதே பொருள் என்பதை ஒருநாளாயினும் விளக்கிச் சொன்னேனா? இல்லை. அந்தப் பெண் கேட்டது நகைப்புக்குரிய கேள்வியன்று. வரலாற்றின் முதற் கேள்வி அது. அதற்கு விடை காணும் பொருட்டு, அதே ஒருநாட் பயணத்தை இன்று உங்களுடன் மீண்டும் ஒருமுறை செய்ய விரும்புகின்றேன். இம்முறை நம்முடைய வழிகாட்டி வரலாறே ஆகும்.

மலைக்கு ஏறும் வழியிலிருந்து தொடங்குவோம். 1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. அடர்ந்த காடும் செங்குத்தான மலையுமே அவ்விராச்சியத்தின் அரணாக இருந்தன. ஆதலின் நாட்டைப் பிடித்தவர்கள் முதலிற் செய்தது வீதி வெட்டியதாகும். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி, பெரும்பாலும் இராசகாரியம் என்னும் பழைய ஊழிய முறையைக் கொண்டே வெட்டப்பட்டது. அரசனுக்குச் செய்த ஊழியத்தை மக்கள் அந்நிய அரசாங்கத்துக்குச் செய்ய நேர்ந்தது. 1832ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் மலையில் வீதி போடவும், பாலம் அமைக்கவும், காடு வெட்டவும் கைகள் எங்கிருந்து வந்தன? கடலுக்கு அப்பாலிருந்து வந்தன.

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினர். அவர்கள் இராமேசுவரம் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட தூரம். அதனை நடந்தே கடந்தனர். நீரில்லாத காடும், வாந்திபேதியும், மலேரியாக் காய்ச்சலும், பசியும் அவ்வழியிற் பலரை மாய்த்தன. அந்த நெடுவழி கட்டுக்கரைக்குளம் முதலிய பழைய குளங்கள் நிறைந்த நாட்டின் ஊடாகச் செல்வது என்பது கருதத்தக்கது. பண்டை மன்னர் காலத்தில் நெல்லை விளைவித்த அக்குளங்களுட் பல அக்காலத்தில் உடைந்து, தூர்ந்து, காடு மூடிக் கிடந்தன. ஒரு காலத்திற் சோறு போட்ட பூமியின் ஊடாகவே சோறு தேடி வந்தவர்கள் பசியோடு நடந்தார்கள்.

அவர்கள் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. கோப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியதில்லை. பழம் பறிக்கும் காலத்தில் வருவார்கள். பறித்து முடிந்ததும் கையிற் கிடைத்ததைக் கொண்டு ஊர் திரும்புவார்கள். 1869ஆம் ஆண்டிற் கோப்பியிலையில் ஒருவகைப் பூஞ்சண நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் இலங்கைக் கோப்பியை ஏறக்குறைய அழித்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தி, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆதலால் வந்து போன ஆடவர் குடும்பத்தோடு வந்து தங்கலாயினர். பெண்கள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினர். லயன் வரிசைகளிற் பிள்ளைகள் பிறந்தன. ஒரு பயிர் மாறியமையால் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வே மாறியது.

இனி நுவரெலியாவை அடைவோம். 1819ஆம் ஆண்டில் மருத்துவர் ஜோன் டேவி இம்மலைச் சமவெளிக்கு வந்து அதன் தட்பவெப்பத்தை வியந்து எழுதினார். தேசாதிபதி பார்ன்ஸ், நோயுற்ற ஆங்கிலப் போர்வீரர் தங்கிக் குணமடைதற்கு ஏற்ற இடமாக இதனை ஆக்கினார். அவர் தமக்கென அமைத்த மாளிகையே பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1848இல் சாமுவேல் பேக்கர் என்பவர் இங்கு குடியேறி, ஆங்கில நாட்டுக் கிராமம் ஒன்றை இம்மலைமேல் உண்டாக்க முயன்றார். சில ஆண்டுகளில் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். பிற்காலத்தில் ஆபிரிக்காவிற்குச் சென்று, 1864இல் அல்பேட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிவித்தவரும் அவரே. இங்ஙனம் குளிரைத் தேடி வந்த வெள்ளையர், தங்கள் தாய்நாட்டின் சாயலை இம்மலையில் வரைந்தனர். வீடு, தேவாலயம், பூந்தோட்டம், குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் வந்தன. நகரத்தை அடுத்திருந்த தாழ்நிலம் மட்டும் சதுப்பாகக் கிடந்தது. மலையிலிருந்து வரும் ஓடையை மறித்து, அந்தச் சதுப்பு நிலத்தை வாவியாக்கியவர் கிரெகரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாவியின் நீர் பிளக்பூல் என்னும் இடத்தில் மின்சாரம் எடுக்கவும் பயன்படலாயிற்று.

கிரெகரி என்பவர் யார்? அவரை ஆங்கிலேயர் என்று சொல்லிவிட்டு நாம் அகன்றுவிடுகின்றோம். அவர் அயர்லாந்துக்காரர். 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தார். அவர் செய்த நற்பணிகள் சிலவற்றை மறுத்தல் அறமாகாது. 1873இல் வடமத்திய மாகாணத்தைத் தனியாக வகுத்து, தூர்ந்து கிடந்த குளங்களைத் திருத்துவதற்கு ஊக்கமளித்தவர் அவர். 1877இல் திறந்து வைக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையும் அவர் முயற்சியே. அதன் முன்றிலில் இன்றும் அவர் சிலை நிற்கின்றது. நூதனசாலைக்குச் செல்லும் எங்கள் மாணாக்கர் அச்சிலையின் அடியில் நின்றே நிழற்படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அயர்லாந்து மக்கள் அவர் பெயரை வேறொரு காரணத்தால் நினைவு வைத்திருக்கின்றனர். 1845ஆம் ஆண்டில் அங்கு உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. உருளைக்கிழங்கையே உணவாகக் கொண்ட ஏழைக் குடியானவர் பட்டினியால் மாண்டனர். 1847இல் பாராளுமன்றத்தில் ஏழைகளுக்கு உதவும் சட்டம் ஆராயப்பட்டபொழுது, இளம் உறுப்பினராயிருந்த கிரெகரி ஒரு வாசகத்தைச் சேர்ப்பித்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன், அந்நிலத்தைக் கைவிட்டாலன்றி அரசாங்கத்தின் உதவியைப் பெறலாகாது என்பதே அதன் கருத்து. நிலத்தை விட்டால் சோறு. சோறு வேண்டாமென்றால் நிலம். பலர் நிலத்தை விட்டனர், குடிசையை விட்டனர், இறுதியில் நாட்டையே விட்டுக் கடல் கடந்தனர். அவ்வாசகம் இன்றளவும் அங்கு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அதே கிரெகரி இலங்கையில் ஆட்சி செய்த இறுதி ஆண்டுகளில், கடலுக்கு அப்பாற் சென்னை மாகாணத்திற் பெரும் பஞ்சம் வந்தது. தாது வருடத்துப் பஞ்சம் என்று தமிழ்நாட்டுப் பாட்டிமார் சொல்லிவந்த அப்பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்த ஆண்டுகளில் இலங்கைக்கு வந்தவர் தொகை பெரிதும் உயர்ந்தது. அயர்லாந்தில் நிலத்தை இழந்த குடியானவன் அமெரிக்கக் கப்பலேறினான். தமிழ்நாட்டில் மழையை இழந்த குடியானவன் மன்னார்த் தோணியேறினான். பசி ஒன்றே, கடல்தான் வேறு. கிரெகரி என்னும் பெயர் இவ்விரு பசிகளுக்கும் நடுவே நிற்கின்றது. இதனை அறிந்த பின்னர் அவ்வாவியின் பெயர்ப்பலகையை முன்போல எளிதாக வாசித்துவிட்டு அப்பாற் போக என்னால் இயலவில்லை.

1873ஆம் ஆண்டை மீண்டும் நினைவு கொள்ளுங்கள். வாவி தோன்றிய அதே ஆண்டிலேதான் இலங்கைத் தேயிலை முதன்முதலாக லண்டனுக்குச் சென்றது. எவ்வளவு தெரியுமா? 23 இறாத்தல். ஒரு சிறுவன் தூக்கிச் செல்லக்கூடிய பொதி. அந்தச் சிறு பொதியின் பின்னே வந்த செல்வமே மலையில் வீதியாகவும், புகையிரதப் பாதையாகவும், மாளிகையாகவும் பெருகியது. 1885இற் புகையிரதம் நானுஓயா வரை ஏறியது. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்து நடைவழியின் கொடுமையைப் போக்கின. அந்நாளில் மண் வெட்டும் இயந்திரம் இல்லை. மலையில் நடந்த வேலை யாவும் மண்வெட்டியும், அலவாங்கும், தலைக்கூடையும் கொண்டே நடந்தது. இராசகாரியம் ஒழிந்த பின்னர் அக்கருவிகளைப் பெரும்பாலும் பிடித்தவை மன்னார் வழியாக வந்த கைகளே. ஆகவே, “அவரே வெட்டுனாரா?” என்று அந்த மாணவி கேட்டபொழுது, அவள் அறிந்தோ அறியாமலோ தன் முன்னோரைப் பற்றியே கேட்டாள்.

இவ்வாறு மலையை உருவாக்கியவர்க்கு நாடு தந்தது யாது? நுவரெலியாத் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அத்தொகுதி மக்கள் சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில், 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளர் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அதனைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். நுவரெலியா வாக்காளர் தொண்டமானை மீண்டும் தேர்தலில் வெற்றிபெறச் செய்வதற்கு 1977 வரை, முப்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில், 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் தொகை 9,75,000 என்று கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மீதியையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்கு என்னவோ சரியாகவே முடிந்தது. ஆனால் ஒரு லயனில் அண்ணன் ஒரு பங்கிலும் தம்பி மறுபங்கிலும் விழுந்தால், அந்தத் தாய் எந்தப் பங்கு? இக்கேள்விக்கு உடன்படிக்கையில் இடமில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. வாவி தோன்றி 130 ஆண்டுகளின் பின்னர் என்க.

நேயர்களே, அந்தக் கேள்வி எழுந்ததற்கு அடுத்த ஆண்டிலும் பாடசாலைச் சுற்றுலா நுவரெலியாவுக்கே சென்றது. இம்முறை வாவிக்கரையில் யானே பேசினேன். இப்பொழுது உங்களுக்குச் சொன்னவற்றுள் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சென்ற ஆண்டு சிரித்ததற்காக, எல்லார் முன்னிலையிலும் அந்த மாணவியிடம் என் வருத்தத்தைத் தெரிவித்தேன். அவளுக்கு அது பெருங் கூச்சமாயிற்று. “பரவாயில்லீங்க, சேர்” என்றாள். பின்னர், பிள்ளைகள் படகுகளிடம் சென்ற பிறகு, தன் பையிலிருந்து ஒரு பழைய நிழற்படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அதில் ஒரு வாவி. கரையில் உயர்ந்த மரங்கள், அப்பால் மலைச்சரிவு. முன்னே கம்பளிச் சட்டை அணிந்த ஆணும், தலையில் முக்காடிட்ட பெண்ணும், இரு சிறுவரும். “இது இந்த இடந்தானே?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சேர். இது ஊட்டி. எங்க தாத்தாவோட அண்ணன் குடும்பம். அவங்களுக்கு இந்தியா கெடைச்சிச்சு. எங்க பாட்டியும் இது நுவரெலியான்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தாங்க.”

அப்பாட்டி பிழைபட நினைத்ததில் வியப்பில்லை. உதகமண்டலத்து ஏரியும் இயற்கையானதன்று. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜோன் சலிவன், 1820களில் ஓடைகளை மறித்து அமைத்தது அது. அங்கும் குளிரைத் தேடிய ஆங்கிலேயர், அங்கும் தேயிலை. உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து சென்றோருக்கு வேலையளிக்கும் பொருட்டுத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நுவரெலியாவிற் கொழுந்து பறித்த கைகள் நீலகிரியிலும் கொழுந்து பறித்தன. ஒரு மலை வாவியின் கரையிலிருந்து பிரிந்த குடும்பம், மற்றொரு மலை வாவியின் கரையில் நின்று நிழற்படம் எடுத்து, தாங்கள் நலமாயிருப்பதாக உறவினருக்கு அறிவித்திருக்கின்றது. இரண்டு வாவிகளின் வரலாற்றிலும் கட்டுவித்தவர் பெயர் இருக்கின்றது. அந்நிழற்படத்தின் பின்புறத்தில் மட்டும், நால்வரின் பெயரும் நீல மையில் எழுதப்பட்டிருந்தன.

இனி நீங்கள் நுவரெலியாவுக்குச் செல்லும்போது, வாவியில் ஓடம் விடுங்கள். பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுங்கள். குளிருக்கு இதமாகத் தேநீர் அருந்துங்கள். இன்பங் கொள்வதில் தவறில்லை. ஆயினும் திரும்பும் வழியில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். பிள்ளைகள் களைத்து உறங்குவதற்கு முன், “இந்த வாவியை வெட்டியது யார்?” என்று கேளுங்கள். அவர்கள் ஒரு தேசாதிபதியின் பெயரைச் சொன்னால், அது பாதி விடை என்று சொல்லுங்கள். மறுபாதியை, பஸ் வண்டியின் இருபுறமும் லயன் வீடுகளில் விளக்கேற்றத் தொடங்கும் அந்நேரத்தில், அவர்களே யன்னல் வழியாகக் காணலாம்.